சுண்டெலியில் 14 நாளில் மூடிய ஜெல், அப்பாவின் பாதப் புண்ணில் என்ன செய்யும்?

இழைபின்னி கேட்டது:

வணக்கம். பொருளறிவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சர்க்கரை நோயாளிகளின் ஆறாத புண்ணுக்கு ஹைட்ரோஜெல் (நீரைப் பிடித்து வைத்திருக்கும் கூழ்) செய்வதுதான் என் ப்ராஜெக்ட். கைட்டோசானும் ஹையலுரானிக் அமிலமும் சேர்த்த ஜெல், அதற்குள் புது ரத்தக் குழாய் முளைக்கத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். வளர்ச்சிக் காரணி. மரபணுக் குறையால் சர்க்கரை நோய் வரும் டிபி/டிபி சுண்டெலிகளின் முதுகில் சின்ன வட்டப் புண் போட்டு ஜெல்லை வைத்தோம். 14ஆம் நாள் ஜெல் வைத்த புண்கள் ஏறக்குறைய மூடிவிட்டன, வைக்காதவை பாதிகூட மூடவில்லை. எங்கள் கைடுக்கு ரொம்ப சந்தோஷம், அடுத்ததாக வெள்ளி நுண்துகளும் சேர்த்துப் பார் என்கிறார்.

இதே நேரத்தில் என் அப்பாவுக்கு ஐந்து மாதமாக உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில், ஒரு புண். பகலில் சுண்டெலிப் புண்ணை அளக்கிறேன், சாயங்காலம் வீட்டில் அப்பா காலுக்குக் கட்டு மாற்றுகிறேன். இரண்டையும் தினமும் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டும் ஒன்றே இல்லை. சுண்டெலிப் புண் சிவப்பாக, சுத்தமாக, ஓரம் மெல்லிசாக இருக்கும். அப்பாவுடையது சுற்றிலும் வெள்ளையாகத் தடித்து உள்பக்கமாகச் சுருண்ட ஓரம், நடுவில் வெளிறிய ரோஸ் நிறம், அதன்மேல் மஞ்சளாக ஒரு கொழகொழப்பு. துடைத்தால் போகிறது, இரண்டு நாளில் திரும்ப வந்துவிடுகிறது. வலியே இல்லை என்கிறார், அதுதான் எனக்குப் பயம். அதன்மேலேயே நடக்கிறார்.

என் ஜெல்லை அப்பாவுக்குப் போடலாமா என்று கேட்கவில்லை, அது கூடாது என்று தெரியும். அவர் டாக்டரிடம் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார். நான் கேட்பது, இப்படிப்பட்ட புண்ணுக்குள் ஒரு பொருள் உண்மையில் என்ன வேலை செய்ய வேண்டும்? சுண்டெலியில் இவ்வளவு அழகாக வேலை செய்யும் வளர்ச்சிக் காரணிகள் மனிதரில் ஏன் சோபிக்கவில்லை? மனிதரில் நிரூபணமான பொருள் என்று எதையாவது சொல்ல முடியுமா? விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

நுண்துளை எழுதியது:

தம்பி, இந்தத் துறையில் பத்து வருஷத்துக்கு மேலாக இருக்கிறேன். நீங்கள் இரண்டு புண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள், எங்களில் பலருக்கு அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன், சுண்டெலிப் புண்ணைச் சுற்றி சிலிக்கோன் வளையம் வைத்துத் தைத்தீர்களா? சுண்டெலியின் தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய தசைத் தகடு இருக்கிறது, அது சுருக்குப்பையின் கயிறு மாதிரி புண்ணை இழுத்து மூடிவிடும். நமக்கு அது கிட்டத்தட்ட இல்லை. நம் புண் அடியிலிருந்து சதை நிரம்பி, ஓரத்திலிருந்து தோல் செல்கள் ஊர்ந்து வந்து மூட வேண்டும், உள்ளங்காலில் சுருங்கவும் இடமில்லை. வளையம் வைக்காமல் அளந்திருந்தால் உங்கள் ஜெல் தோலை வளர்த்ததா, தோல் சுருங்கியதா என்றே பிரித்துச் சொல்ல முடியாது. வைத்திருந்தால் நல்லது, ஆனால் சுண்டெலிகள் அந்த வளையத்தைப் பிய்த்துப் போட்டுவிடும், எத்தனை வளையம் கடைசிவரை இருந்தது என்று பாருங்கள்.

அடுத்தது, நீங்கள் புண் போட்ட அன்றே ஜெல் வைத்தீர்கள். அது சர்க்கரை நோய் உள்ள உடம்பில் ஒரு புதுப்புண். அப்பாவுடையது ஐந்து மாதப் பழசு, அதற்குள் அது வேறு ஒரு இடமாகவே மாறிவிட்டது. சாதாரணமாக அடிபட்டால் முதல் சில நாள் வீக்கம், வெள்ளையணுக்கள் வந்து குப்பையை அள்ளும், அப்புறம் குப்பை தின்னும் மாக்ரோஃபேஜ் செல்கள் சண்டைக் குணத்தை விட்டுச் சரிசெய்யும் குணத்துக்கு மாறும், சதை வளரும், தோல் மூடும். ஆறாத புண்ணில் அந்த மாற்றம் நடப்பதே இல்லை. வெள்ளையணுக்கள் வந்துகொண்டே இருக்கின்றன, புரதத்தை வெட்டும் என்சைம்களைக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன, அவற்றைக் கட்டுப்படுத்தும் புரதங்கள் குறைந்துபோகின்றன. எம்.எம்.பி. 9 என்று படித்திருப்பீர்கள், அது அதில் ஒன்று. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் தங்கள் டி.என்.ஏ.வையே வலையாக வீசிவிட்டுச் சாகின்றன, சர்க்கரை கூடினால் இந்த வலை வீசுவதும் கூடுகிறது என்று 2015இல் காட்டினார்கள். சதையை நெய்ய வேண்டிய ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் மூப்படைந்து, எதைச் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாத நிலைக்குப் போய்விடுகின்றன.

இப்போது அந்தக் குளத்துக்குள் உங்கள் வி.இ.ஜி.எஃப். விழுகிறது. அது ஒரு புரதம், சுற்றிலும் புரதம் வெட்டும் கத்தரிகள். எவ்வளவு நேரம் தாங்கும்? தாங்கினாலும், கேட்க வேண்டிய செல் கிழடு தட்டிக் கிடக்கிறது. வளர்ச்சிக் காரணி மனிதரில் சோபிக்காததற்கு என் பதில் இதுதான். அதற்காக எதுவுமே நடக்கவில்லை என்றும் இல்லை. பெகாப்ளர்மின் என்ற, பி.டி.ஜி.எஃப். வளர்ச்சிக் காரணி சேர்ந்த ஜெல்லுக்கு 1997 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. அதன் பெரிய சோதனையில் 20 வாரத்தில் 50 சதவீதப் புண்கள் முழுதாக மூடின, வெறும் ஜெல்லில் 35 சதவீதம். தினமும் பூச வேண்டும், அதன் இன்னொரு சோதனையில் செத்த சதையை ஒழுங்காகச் சுரண்டி எடுத்த இடங்களில்தான் பலன் நன்றாகத் தெரிந்தது. அந்தக் கடைசி விஷயத்தைத்தான் நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சரி, பொருள் என்ன செய்ய வேண்டும்? என் கருத்து, மருந்தைச் சுமந்து போய்க் கொட்டுவது அதன் முதல் வேலை இல்லை. செல்கள் ஏறி நடக்க ஒரு இடம் கொடுப்பதும், அந்தக் கத்தரிகளின் வேகத்தைக் குறைப்பதும்தான் முதல் வேலை. ஐயோனிஸ் யானஸும் ஜான் பர்க்கும் தீக்காயத்துக்காக உருவாக்கி 1981இல் வெளியிட்ட செயற்கைத் தோலை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுக் கொலாஜன், சுறாக் குருத்தெலும்பிலிருந்து எடுத்த காண்ட்ராய்டின் சல்பேட், மேலே சிலிக்கோன் தாள், அவ்வளவுதான். செல் இல்லை, வளர்ச்சிக் காரணி இல்லை. துளை அளவு ஏறக்குறைய 20 முதல் 120 மைக்ரோமீட்டர், கரையும் வேகம் சுமார் இரண்டு வாரம், இந்த இரண்டையும் சரியாகப் பிடித்ததால் வடுத்திசுவுக்குப் பதிலாகத் தோலின் அடியடுக்கு மாதிரியே ஒன்று வளர்ந்தது. துளை ரொம்பச் சின்னதானால் செல் நுழையாது, சீக்கிரம் கரைந்தால் தாங்க ஆள் இல்லை, கரையாமல் கிடந்தால் உடம்பு அதைச் சுற்றிச் சுவர் கட்டிவிடும்.

உங்கள் ஜெல்லை இந்தக் கண்ணோடு பாருங்கள். சாதாரண ஹைட்ரோஜெல்லின் கண்ணி நானோமீட்டர் கணக்கு, ஒரு செல் உள்ளே போக வேண்டுமானால் ஜெல்லைத் தின்றுகொண்டேதான் போக வேண்டும். இதற்காகத்தான் 2015இல் தத்தியானா செகூரா, டீனோ டி கார்லோ குழுவினர் ஜெல்லைச் சின்னச் சின்ன மணிகளாகச் செய்து, புண்ணுக்குள் ஊற்றி, அங்கேயே மணிக்கு மணி ஒட்டவைத்தார்கள். மணிகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் செல்கள் முதல் நாளிலிருந்தே நடக்கலாம். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை அது, கடலை உருண்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால் எங்கே சந்து எங்கே ஒட்டு என்று புரிந்துவிடும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. எம்.எம்.பி. வெட்டினால் திறக்கிற பெப்டைடு இணைப்புகளை இப்போது எல்லோரும் போடுகிறார்கள். நல்ல புண்ணில் அது செல் நடக்கும் வேகத்துக்கு ஏற்பக் கரையும். அப்பா மாதிரிப் புண்ணில் இரண்டு நாளில் கஞ்சியாகிவிடலாம். அதேபோல ஃபீனைல் போரானிக் அமிலம் வைத்து, சர்க்கரை ஏறினால் தளர்ந்து மருந்து விடும் ஜெல்கள் வருகின்றன, யோசனை அழகானது. ஆனால் ஆறாத புண் பெரும்பாலும் காரத்தன்மை பக்கம் சாய்ந்திருக்கும், பி.எச். 7இல் தொடங்கி 9க்குப் பக்கம் வரை போகும். அந்த போரான் இணைப்பு பி.எச்.சைப் பொறுத்தே இறுகும், தளரும். உப்புக்கரைசலில் எடுத்த ரிலீஸ் வரைபடத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

கட்டுமாற்றும் அக்கா எழுதியது:

தம்பி, நான் பாதப் புண் பிரிவில் நர்ஸ். மேலே எழுதியவர் சொன்ன செல் விஷயமெல்லாம் சரிதான், ஆனால் உங்கள் கேள்வியில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது "அதன்மேலேயே நடக்கிறார்" என்று போகிற போக்கில் வந்துபோன ஒரு வரி. அதுதான் முதல் வரியாக வந்திருக்க வேண்டும்.

ஓரம் வெள்ளையாகத் தடித்திருக்கிறது என்றீர்களே, அது காய்ப்பு. அந்த இடத்தில் ஒவ்வொரு அடிக்கும் அழுத்தம் விழுகிறது என்று பாதமே எழுதிக்காட்டும் கையெழுத்து அது. காய்ப்பு கெட்டியாக ஆக அதுவே கல் மாதிரி உள்ளே குத்தும். ஓரத்துத் தோல் செல் முன்னால் வர வேண்டும், ஆனால் சுருண்ட ஓரத்தில் அது கீழ்நோக்கித் திரும்பி நின்றுவிடுகிறது. கத்தியால் அந்தக் காய்ப்பைச் சீவி எடுத்து ஓரத்தைத் திறந்தால்தான் அதற்கு வழி கிடைக்கும். இதை வீட்டில் நீங்கள் செய்யாதீர்கள், பழகியவர்கள்தான் செய்ய வேண்டும். சீவின பிறகு புண் பெரிதாகிவிட்டதே என்று பயப்படாதீர்கள், அதுதான் அதன் நிஜ அளவு.

சுரணை இல்லாத பாதத்துக்கு முழுப்பாத மாவுக்கட்டுதான் பழைய, இன்னமும் அசைக்க முடியாத வைத்தியம். டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்குச் செய்ததே சர்க்கரைப் பாதத்துக்கும் வந்தது. பாதம் முழுக்க, கெண்டைக்கால் வரை ஒட்டிப் போடுவதால் எடை எல்லா இடத்துக்கும் பரவிவிடும், கழற்றவும் முடியாது. கழற்ற முடியாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கழற்றி மாட்டும் காலணி கொடுத்துக் கணக்கெடுத்த 2003 ஆய்வில், நோயாளிகள் நடந்த மொத்த நடையில் 28 சதவீதம் மட்டுமே அது காலில் இருந்தது. அவர்களைக் குறை சொல்லவில்லை, வலித்தால் யாரும் நொண்டுவார்கள், வலிக்காத காலுக்கு யார் நொண்டுவார்கள்? ராத்திரி எழுந்து பாத்ரூம் போகும் பத்து அடியில் அன்றைக்கு வளர்ந்த சதை நசுங்கிவிடும். உங்கள் ஜெல்லும் அந்தப் பத்து அடியைத் தாங்க வேண்டும். சுண்டெலி முதுகில் யாரும் மிதிப்பதில்லை.

ஆனால் மாவுக்கட்டுக்கு முன்னால் ரத்த ஓட்டம் பார்த்தாக வேண்டும். கணுக்காலில் கட்டிப் பார்க்கும் அழுத்தம் மட்டும் போதாது, சர்க்கரைக்காரர்களுக்குக் குழாய்ச் சுவர் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுவதால் அந்த எண் நன்றாக இருப்பது போலக் காட்டும். பெருவிரல் அழுத்தம் எடுத்தார்களா என்று கேளுங்கள். உலோகக் குச்சியை மெதுவாக உள்ளே விட்டால் எலும்பு தட்டுப்படுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், தட்டினால் எலும்பிலேயே கிருமி இருக்கலாம், அப்போது பேச்சே வேறு. பாதம் சூடாகிச் சிவந்து வீங்கினாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே போங்கள்.

மஞ்சள் கொழகொழப்பைப் பற்றி. அது செத்த புரதமும் செல்களும் சேர்ந்தது, பயோஃபிலிம், அதாவது கிருமிகள் கூட்டாகக் கட்டிக்கொள்ளும் படலம், என்று பலர் அதையே நினைத்துக்கொள்கிறார்கள். பயோஃபிலிம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. 2008இல் மைக்ரோஸ்கோப்பில் பார்த்த ஒரு ஆய்வில் ஆறாத புண்களில் 60 சதவீதத்தில் அது இருந்தது, புதுப் புண்களில் 6 சதவீதத்தில்தான். சுரண்டி எடுத்தாலும் இரண்டு மூன்று நாளில் மறுபடி கட்டிக்கொள்ளும். அதனால் எந்தப் பொருளானாலும் சுரண்டிய அன்றைக்கே வைப்பதுதான் அதற்கு நாம் கொடுக்கும் நல்ல நேரம்.

கடைசியாக உங்கள் மாதிரி பொருள் செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நாள் எங்கள் பக்கத்தில் நின்று கட்டு மாற்றுவதைப் பாருங்கள். நீர் வடியும் புண்ணில் ஹைட்ரோஜெல் வைத்தால் சுற்றித் தோல் ஊறி, நாள் பூரா தண்ணீரில் நின்ற விரல் மாதிரி வெளுத்துவிடும், அங்கே ஆல்ஜினேட் மாதிரி உறிஞ்சுகிறதுதான் வேண்டும். காய்ந்த புண்ணில் ஆல்ஜினேட் வைத்தால் ஒட்டிக்கொண்டு, பிய்க்கும்போது புது சதையோடு வரும். ஒரு ஜெல் அருமையாக வேலை செய்தாலும், நாலாம் நாள் புண்ணின் குழிக்குள் பாதி கரைந்து பாதி கரையாமல் இருந்தால், அது ஜெல்லா சீழா என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாவிட்டால் கழுவித்தான் எடுப்பேன். நீங்கள் ஆறு மாதம் யோசித்துச் செய்த துளையெல்லாம் சலைனோடு போய்விடும்.

வாரம்12 எழுதியது:

மனிதரில் நிரூபணமான பொருள் எது என்ற மூன்றாவது கேள்விக்கு யாரும் முழுசாகப் பதில் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன், மருத்துவச் சோதனைகளின் கணக்கு பார்ப்பது என் வேலை.

உயிருள்ள இரட்டை அடுக்குத் தோல், மாட்டுக் கொலாஜனில் மனித ஃபைப்ரோபிளாஸ்டும் மேலே கெரட்டினோசைட் என்ற மேல்தோல் செல்லும் வளர்த்தது, 2001இல் வந்த முடிவில் 12 வாரத்தில் 56 சதவீதம் மூடியது, ஒப்பீட்டுக் குழுவில் 38. யானஸ் தாள் மாதிரியே உள்ளது 16 வாரத்தில் 51க்கு 32, அதை வைத்துத்தான் 2016இல் பாதப் புண்ணுக்கு அனுமதி வந்தது. 2018இல் இரண்டு நல்ல சோதனைகள் வந்தன. சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் தடவிய கட்டு, 20 வாரத்தில் 48க்கு 30. இது நோயாளிக்கும் டாக்டருக்கும் எது எது என்று தெரியாமல் நடத்தியது, கட்டுப்பொருள் சோதனையில் அது அபூர்வம், அதனால் எனக்கு இதன்மேல் மதிப்பு அதிகம். இன்னொன்று நோயாளியின் சொந்த ரத்தத்தைச் சுழற்றிச் செய்த வெள்ளையணு, தட்டணு, ஃபைப்ரின் வில்லை, 20 வாரத்தில் 34க்கு 22.

இந்த எண்களை இரண்டு விதமாகப் படியுங்கள். ஒன்று, எந்தப் பொருளும் பாதிக்கு மேல் ரொம்பத் தாண்டவில்லை. இரண்டு, ஒப்பீட்டுக் குழு 22, 30, 32, 38 என்று மாறுகிறது பாருங்கள், அங்கேயும் சும்மா விடவில்லை, சுரண்டி, எடையைத் தாங்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். அந்த அக்கா சொன்ன வேலைதான் அந்த எண். பல சோதனைகளில் முதல் இரண்டு வாரம் இந்த அடிப்படைக் கவனிப்பை மட்டும் கொடுத்து, அதிலேயே வேகமாகச் சிறுத்துவரும் புண்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். வீட்டிலும் இந்த அளவுகோல் உதவும். நாலு வாரத்தில் பரப்பளவு பாதியாவது குறைந்தால் 12 வாரத்தில் மூட நல்ல வாய்ப்பு, குறையாவிட்டால் வழியை மாற்ற வேண்டும். வாரம் ஒருமுறை ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள்.

வெள்ளி விஷயத்தில் உங்கள் கைடோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2023இல் வந்த சர்வதேச நீரிழிவுப் பாத வழிகாட்டுதல், புண் ஆறுவதற்காக என்று கிருமிநாசினிக் கட்டுகளைப் போட வேண்டாம் என்றே சொல்கிறது. அதே வழிகாட்டுதல் சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட்டை, வழக்கமான கவனிப்பில் இரண்டு வாரம் பார்த்தும் முன்னேறாத, கிருமித் தொற்று இல்லாத, நரம்பும் ரத்த ஓட்டமும் இரண்டும் பாதித்த புண்ணுக்கு யோசிக்கலாம் என்கிறது. அந்த மூலக்கூறு எம்.எம்.பி. கத்தரிகளை அடக்குவது, நுண்துளை சொன்னதோடு ஒத்துப்போகிறது. வெள்ளி சேர்த்தால் பேப்பர் வரும், புண் சீக்கிரம் மூடும் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

இழைபின்னி எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாமல் இரண்டு வாரம் கழித்து வருகிறேன், சொல்ல ஏதாவது இருக்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

அப்பாவுக்குப் பெருவிரல் அழுத்தம் எடுத்தார்கள், ரத்த ஓட்டம் போதும் என்றார்கள். எலும்பு தட்டவில்லை. காய்ப்பைச் சீவியபோது பக்கத்திலேயே நின்றேன். அந்த வெள்ளை ஓரம் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக வந்தது, அதற்கடியில் ஒரு பை மாதிரி இடம், நான் இத்தனை நாள் மேலேயிருந்து அளந்தது பாதி அளவுகூட இல்லை. அக்கா முன்னாடியே சொல்லியிருந்ததால் நான் பதறவில்லை, அப்பாதான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாவுக்கட்டு போட்டாகிவிட்டது. முதல் தடவை மாற்றும்போது பார்த்தேன், அடிச்சதை ரோஸ் நிறத்திலிருந்து சிவப்புக்கு வந்திருக்கிறது, ஓரத்தில் முத்து மாதிரி மெல்லிசாக ஒரு வளையம். சுண்டெலியில் நான் தினமும் பார்க்கும் அதே ஓரம். என் ஜெல் எதுவும் இல்லாமல்.

நுண்துளை அண்ணா, வளையம் வைத்துத்தான் தைத்திருந்தோம். நீங்கள் கேட்ட பிறகு படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஜெல் வைத்த குழுவில் மூன்று சுண்டெலிகளின் வளையம் ஐந்தாம் நாளே கழன்றிருக்கிறது, அவற்றையும் சேர்த்துத்தான் சராசரி எடுத்திருக்கிறேன். அதை நீக்கினால் வித்தியாசம் இருக்கிறது, ஆனால் முன்பு காட்டியதைவிடக் குறைவு. கைடிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகத் திரும்பக் காட்டச் சொன்னார். வெள்ளியை இப்போதைக்கு நிறுத்தியாகிவிட்டது.

அடுத்து, நோயாளிகளின் கட்டிலிருந்து தூக்கிப் போடும் திரவத்தை நெறிமுறைக் குழு அனுமதியோடு வாங்கி, அதற்குள் ஜெல்லை ஊறவைத்து எத்தனை நாள் தாங்குகிறது, வி.இ.ஜி.எஃப். எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கப் போகிறோம். மணி ஜெல்லையும் சின்ன அளவில் முயற்சி செய்கிறேன். அக்காவிடம் ஒரு கேள்வி, ஜெல்லும் சீழும் பிரித்துத் தெரிய வேண்டும் என்றீர்களே, ஜெல்லுக்கு ஒரு நிறம் கொடுத்தால் உதவுமா?

கட்டுமாற்றும் அக்கா எழுதியது:

அப்பா விஷயம் கேட்டு ரொம்ப சந்தோஷம் தம்பி. ஓரத்தில் அந்த முத்து வளையம் வந்தால் நாங்களும் கூட இருப்பவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவோம்.

நிறம் உதவும். சிவப்பு வேண்டாம், ரத்தமா என்று குழம்புவோம். மஞ்சள், பச்சை இரண்டும் கூடாது, சீழும் கிருமியும் அந்த நிறத்தில்தான் வரும். கறுப்பு செத்த சதை. நீலம் மனிதப் புண்ணில் தானாக வருவது அபூர்வம், லேசான நீலமாக இருக்கட்டும், கரையக் கரைய நிறமும் போக வேண்டும். அடுத்த மாவுக்கட்டு மாற்றும்போது அப்பாவின் இன்னொரு பாதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், எடை இப்போது அந்தக் காலுக்குப் போயிருக்கும்.